ஹாலேயில் ஓர் ஓலைச்சுவடி

லைப்சிக், ஜெர்மனி,
சனிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரையை விடாமல் போடுகிறேன். போனில் "இன்றைக்கு எங்கே போனீர்கள்?" என்று கேட்டாய். சுற்றிலும் ஒரே பேச்சுச் சத்தம், அதனால் "ஹாலேக்குப் போனோம், நன்றாக இருந்தது" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற இடம் இல்லை அது.

எங்கள் ஆலயக் கொயரின் இந்தப் பயணத்தில் பாட்டு நிகழ்ச்சி இல்லாத ஒரே நாள் இன்றுதான். காலையில் கோச் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் ஹாலே போய்விட்டோம். 1685-இல் இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்த ஊர். சந்தைச் சதுக்கத்தில் அவர் சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டோம். டெனர் குரல் பாடுகிற தம்பிகள் இரண்டு பேர் கடைத்தெருவில் வழி தவறிவிட்டார்கள். அவர்களைத் தேடியதிலேயே நேரம் போய், ஹேண்டல் பிறந்த வீட்டுக்குள் போக முடியவில்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் அவருடைய அல்லேலூயாவைப் பாடுகிறவர்களுக்கு அது வருத்தம்தானே.

அப்புறம் பிராங்கே நிறுவனங்களுக்குப் போனோம். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர் 1698-இல் அனாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டத் தொடங்கிய இடம். நீளமான முற்றம், இரண்டு பக்கமும் உயர உயரமாக மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள். தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில்தானே உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம்? அங்கே அடக்கமாகியிருக்கிற ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் படித்தது இந்த ஹாலேயில்தான். அவருடைய அச்சகத்துக்கு முதலில் தமிழ் அச்செழுத்துகளை வார்த்துக் கப்பலில் அனுப்பி வைத்ததும் இங்கிருந்துதான். அவை அளவில் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ வருடம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த முற்றத்துக் கல்லில் கால் வைத்தபோதுதான் அது எனக்கே நிஜமாயிற்று.

அனாதை இல்லத்தின் மேல்மாடியில், கூரைக்கு அடியில், ஒரு பழைய காட்சிக்கூடம். உள்ளே நுழைந்தால் மேலே ஒரு முதலை தொங்குகிறது! சங்கு, சிப்பி, கப்பல் பொம்மை என்று அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் நம் ஓலைச்சுவடி. அந்தக் காலத்து ஜெர்மானியர்கள் நம் மொழியை மலபார் மொழி என்றுதான் சொன்னார்களாம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத பழைய எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி இரண்டு சொல் வாசித்துவிட்டேன். எத்தனையோ கடல் தாண்டி வந்த ஓலை, பொறையாற்றுக்காரி ஒருத்தி வாசிக்கக் காத்திருந்தது போல இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பாப்பா.

பின்னால் தஞ்சாவூரில் ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரும் தமிழ் படிக்கத் தொடங்கியது இந்த ஊரில்தான். அவரிடம் வளர்ந்தவர் நம் கீர்த்தனைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார். கொயர் மாஸ்டர் இதை நினைவுபடுத்தியதும், யாரும் சொல்லாமலே எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நின்றுவிட்டோம். சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைப் பாடினோம். தாளத்துக்குக் கைத்தட்டல் மட்டும்தான். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சரணத்தில் நீ எடுக்கிற மேல் ஸ்வரம் வந்தபோது, என்னை அறியாமல் சோப்ரானோ வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு லைப்சிக் தோமா ஆலயத்தில் பாட்டு ஆராதனை. 27 வருடம் இசையமைப்பாளர் பாக் இசை ஊழியம் செய்த ஆலயம். அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. 1950-இல்தான் அவரை இந்த ஆலயத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்களாம். அப்பாவுக்கு அந்த இடத்தைப் பார்க்க எவ்வளவு ஆசை! அவர் பேரைச் சொல்லி ஒரு வெள்ளை ரோஜா வைத்தேன்.

பேரன் தமிழ் எழுத்து என்றாலே ஓடுகிறான் என்று போன வாரம் வருத்தப்பட்டாயே. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடித் திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். நீ அவனை அதட்டாதே. டிசம்பரில் நான் ஷார்ஜா வருகிறேன் அல்லவா, அங்கே கடற்கரை இருக்கிறது, மணலும் இருக்கிறது. அவனோடு நான் உட்காருகிறேன்.

நாளை காலை ஏழரைக்குக் கோச் கிளம்பும். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் அன்பைச் சொல்.

அம்மா