ஓர் அங்குல உயரத்துக்கு ஒரு விநாடி

ஆசிரியருக்கு,

பேச்சுப் போட்டிக்கும் நாடகத்துக்கும் பிள்ளைகளைப் பொறுக்கும்போது, ஒரே மூச்சில் ‘ஆ…’ என்று இழுக்கச் சொல்லி விநாடி எண்ணுவது எங்கள் வேலூர் வட்டாரப் பள்ளிகள் சிலவற்றில் வழக்கமாகி வருகிறது. நெட்டையான பையனுக்குத்தான் ‘தம்’ இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டி, குள்ளமான பெண்ணைப் பின்வரிசைக்கு அனுப்புவதும் நடக்கிறது. சோதனை நல்ல சோதனைதான். அது சொல்லாத ஒன்றை அதனிடம் கேட்கிறார்கள்.

உயரத்துக்கும் நுரையீரல் கொள்ளளவுக்கும் உறவு உண்டு. ஆங்கில மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 2,000 பேருக்கு மேல் ஸ்பைரோமீட்டர் என்னும் மூச்சளவுக் கருவியில் ஊதவைத்து, 1846-ல் லண்டனில் அந்தக் கணக்கை வெளியிட்டார்: உயரம் ஓர் அங்குலம் கூடினால், நிறைய இழுத்து முழுக்க ஊதித் தள்ளும் காற்று 8 கன அங்குலம் கூடுகிறது. அதாவது சுமார் 130 மில்லி. சாதாரணக் குரலில் ‘ஆ’ சொல்ல விநாடிக்கு 100 முதல் 200 மில்லி காற்று செலவாகும். ஆக, ஓர் அங்குல உயரம் தருவது ஏறக்குறைய ஒரு விநாடிதான்.

அந்த ஒரு விநாடியும் கைக்கு வரும் என்பதற்கு உறுதியில்லை. 4 லிட்டர் காற்று பிடிக்கும் ஆண் விநாடிக்கு 200 மில்லி செலவழித்தால் 20 விநாடியில் தீர்ந்துவிடும். 2.5 லிட்டர் மட்டுமே உள்ள பெண் 125 மில்லி வீதம் செலவழித்தால் அவருக்கும் அதே 20 விநாடி. தொட்டி எவ்வளவு பெரியது என்பதைவிடக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடுகிறோம் என்பதே பெரிது. இங்கே குழாய், குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள். எடையை நம்புவதிலும் பயனில்லை. வயிற்றில் கொழுப்பு ஏறினால், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசையான உதரவிதானம் கீழே இறங்க இடம் குறையும். ஒரே உயரமுள்ள இருவரில் கால் நீண்டவரைவிட உடற்பகுதி நீண்டவருக்கே பெரும்பாலும் மூச்சு அதிகம்.

சோதனையை ஒழுங்காகச் செய்வதானால், பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்து, ஒருமுறை செய்துகாட்டி, மூன்று வாய்ப்பு கொடுத்து, அதில் நீளமானதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப்வாட்சை மூச்சு இழுக்கும்போதே அமுக்கிவிடுகிறார்கள். ஒலி கிளம்பிய பிறகுதான் அமுக்க வேண்டும். மைதானத்தில் கத்துவதுபோல் கத்தினாலும், கிசுகிசுப்பாகக் காற்றோடு கலந்து சொன்னாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இயல்பான சுருதி, இயல்பான ஒலியளவு போதும். வயது வந்த பெண்களுக்கு 15 முதல் 25 விநாடி, ஆண்களுக்கு 20 முதல் 30 விநாடி வரை இயல்பு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 10 விநாடி வந்தாலே போதும். ஐந்தாம் வகுப்புப் பையனிடம் 25 விநாடி கேட்பது வீண்.

‘ஆ’ குறைந்துபோனால் குறை மூச்சிலா தொண்டையிலா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. முதலில் ‘ஸ்ஸ்…’ என்று இழுக்கச் சொல்லுங்கள். இதில் குரல் நாண்களுக்கு வேலையில்லை. பிறகு அதே ‘ஸ்’ஸைக் குரலோடு, வண்டு ரீங்கரிப்பதுபோல் இழுக்கவேண்டும். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒலி தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் ‘ஜ்’ என்பார்கள். அதில் நாக்கு முதலில் மேலண்ணத்தில் ஒட்டிக் காற்றை அடைத்துவிடுவதால் கணக்கு கெடும். தொண்டையில் விரலை வைத்து, அதிர்வு வரும்வரை பழக்கிவிட்டு அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நாண்கள் சரியாக மூடுகின்றன. இரண்டுமே குறைவு என்றால் மூச்சைக் கவனிக்க வேண்டும்: ஆஸ்துமா இருக்கலாம், மூச்சை நிறைய இழுக்காமலே தொடங்கியிருக்கலாம். ‘ஸ்’ 18 விநாடியும் குரலோடு இழுத்தது 10 விநாடியும் என்றால் விகிதம் 1.8. விகிதம் 1.4-ஐத் தாண்டினால் நாண்களில் முடிச்சோ வேறு தடிப்போ, மூடாத இடைவெளியோ இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நாள் முழுக்க இரைச்சலுக்கு மேல் கத்தும் ஆசிரியர்களுக்கே இந்த முடிச்சு அதிகம் வருகிறது என்பதால், வாட்சைப் பிடிப்பவரும் ஒருமுறை தம்மைச் சோதித்துக்கொள்ளலாம்.

நாதஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்கும் ஒத்துக்குழலை ஊதுபவர் நிறுத்தாமல் ஊதுகிறாரே என்பார்கள். அவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் இழுத்துக்கொள்கிறார். தொண்டைக் குரலில் அந்த வித்தை செல்லாது. விடிய விடிய நடக்கும் வடஆர்க்காட்டுத் தெருக்கூத்தில்கூட, வேடக்காரர் எடுத்த அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்ளும் நேரத்தில்தான் அவர் மூச்சு வாங்குகிறார்.

மேடைப்பேச்சுக்கோ இவ்வளவும் தேவையில்லை. சாதாரணப் பேச்சில் ஒரு மூச்சுக்கு மொத்தக் கொள்ளளவில் கால்பங்குதான் செலவாகிறது. பெரும்பாலான வாக்கியங்கள் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும். ஆகவே பேச்சாளரைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர்கள் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். பொருள் முடியும் இடத்தில் மூச்சு எடுக்கிறாளா, சொல்லின் நடுவில் எடுக்கிறாளா, வாக்கியத்தின் கடைசிச் சொல் காதில் விழுகிறதா என்று கேட்டாலே தெரிந்துவிடும். குரல் கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடிக்கும் பிள்ளையை மட்டும் போட்டிக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

குரல், பேச்சுப் பயிற்சியாளர்கள் சிலர்,
வேலூர்.