6, 12, 24: எதன் கணக்கு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி தணிந்ததில் மகிழ்ச்சி. நான் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த அந்தப் பழைய எலிச் சோதனை நினைவிருக்கிறதா? தன் ஆய்வோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாணவி அந்தத் தரவைக் கேட்டாள். பெருமையோடு தேடி எடுத்தேன். 'நேரம்' என்று ஒரு நெடுவரிசை. அதன் கீழே 6, 12, 24. மணியா, நாளா? எழுதியவன் நான்தான், எனக்கே தெரியவில்லை. எலிகள் ஆணா பெண்ணா என்ற குறிப்பும் இல்லை. அவள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த நிலையில்தான், சோதனைத் தரவோடு என்னென்ன விவரங்களைப் பதிய வேண்டும் என்று உங்கள் குழு வகுக்கும் பொதுத் தரநிலைக்கு என் கருத்தைக் கேட்கிறாய்! நீ அனுப்பிய படிவம் குற்றம் சொல்ல முடியாதது. அதுதான் அதன் குற்றம். அத்தனை கட்டங்களையும் யார் நிரப்புவார்கள்?

2001இல், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே நேரத்தில் அளக்கும் மைக்ரோஅரே சோதனைகளுக்காக மியாமே என்ற தரநிலை வந்தபோது, அதன் பெயரிலேயே 'குறைந்தபட்சம்' என்ற சொல் இருந்தது. இதழ்களும் அதை ஏற்றுக் கட்டாயமாக்கின. ஆனாலும் 2009இல், நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வந்த 18 கட்டுரைகளின் கணக்கீடுகளை மறுபடி செய்து பார்த்தபோது இரண்டுதான் தேறின. பத்துக் கட்டுரைகளில் முடியவே இல்லை.

விலங்குச் சோதனைகளைக் கட்டுரையில் எப்படி விவரிக்க வேண்டும் என்று சொல்லும் அரைவ் விதிகளின் கதை இன்னும் சுவையானது. 2010இல் வந்தவை. கட்டுரை அனுப்பியவர்களில் ஒரு பாதியிடம் மட்டும் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பித் தரச் சொல்லிச் சோதித்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. இரு பாதியிலும் ஒரு கட்டுரைகூட எல்லா விதிகளையும் நிறைவு செய்யவில்லை. 2020 திருத்தத்தில், விட்டுவிடவே கூடாதவை என்று பத்தை மட்டும் தனியே பிரித்து முன்னால் வைத்தார்கள். எனக்கு அந்தப் பத்தின் மேல் மிகுந்த மரியாதை.

மனிதர்களின் கைப்பழக்கத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. செப்ட்2 என்ற மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்று மாற்றிக்கொண்டே இருந்தது நினைவிருக்கும். கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுதான் இறங்கி வந்து அதை செப்டின்2 ஆக்கியது. சிலர் சிரித்தார்கள். எனக்கு அது விவேகமாகவே பட்டது.

படிவத்தை நிரப்புகிறவனுக்கு அதனால் இன்று ஒரு லாபமும் இல்லை. பயன் பெறப்போகிறவள் பத்து வருடம் கழித்து வருகிறாள். ஆகவே கட்டுரை அனுப்பும் நாளில் கேட்காதே. எலியை எடை போடும்போதே, நினைவு பசுமையாக இருக்கும்போதே, நாலைந்து கேள்வி கேள்.

இன்னொன்றும் செய்து பார். ஓர் ஆய்வகம் நிரப்பிய படிவத்தை, அந்தச் சோதனையைப் பற்றி எதுவும் அறியாத வேறோர் ஆய்வகத்துக்குக் கொடு. என்ன நடந்தது என்று அவர்கள் விளக்கட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அந்தக் கட்டம் போதவில்லை. எதைத் தொடவே இல்லையோ, அதை அடித்துவிடு. உங்கள் குழுவில் சிலருக்கு மனம் நோகும், நோகட்டும்.

உன்னிடம் அந்தக் காலத்துக் குறிப்பேடு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அந்த 6, 12, 24 மணியா நாளா என்று பார்த்து எழுது. மாணவியிடம் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகக் கூட்டாளி