பிறந்த வீடு என்பது மட்டும் போதாது, கட்டிய விதமும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது, நல்ல விஷயம். 1878 டிசம்பர் 10-ல் பிறந்தார், அப்பா அந்த ஊர் முன்சீப், 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல். இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் போகிறவர்கள் படங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், வீட்டை யாரும் பார்ப்பதில்லை.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் மண்ணும் சுண்ணாம்பும். உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்துவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, அடிச்சுவர் பொருக்குப் பொருக்காக உதிரும், அப்புறம் 'பழைய வீடு, இடித்துவிடலாம்' என்பார்கள் (கெடுத்ததே அந்த சிமெண்ட்தான்!). எங்கள் தெருவிலேயே ஒரு ஓட்டு வீடு அப்படித்தான் போனது.

தொரப்பள்ளியில் சுவர், ஓடு, மரவேலை பற்றி ஒரு பலகை வைக்கட்டும். பழுது பார்க்கும்போது சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடட்டும், வயதானவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி