ஒளிர்வு ஏறினால் வைரஸ் உள்ளே போய்விட்டதா?

அன்புள்ள முருகேசா,

கடிதமும் கூட வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. மகள் கல்லூரியில் சேர்ந்தது மகிழ்ச்சி. என்ன பாடம் என்றுதான் எழுத மறந்துவிட்டாய்.

வரைபடத்துக்கு வருகிறேன். ஃப்ளூ வைரஸின் சவ்வில் ஆர்-18 என்ற ஒளிரும் சாயம் ஏற்றி, சிவப்பணுக்களின் வெற்றுச் சவ்வுகளோடு சேர்த்து, பிஎச்சை 5.0-க்கு இறக்கியதும் ஒளிர்வு ஏறியிருக்கிறது. உடனே "வைரஸின் சரக்கு (ஆர்என்ஏ) உள்ளே இறங்கிவிட்டது" என்று முடிவு கட்டிவிட்டாய். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சவ்வுகளை ஆக்கும் கொழுப்பு மூலக்கூறுகளான லிப்பிட்கள் கலந்தன என்பதற்கு மேல் உன் கோடு எதையும் சொல்லவில்லை.

சாயம் வைரஸ் சவ்வில் நெருக்கமாக அடைந்திருக்கும்போது தன் ஒளியைத் தானே அடக்கிக்கொள்கிறது. பெரிய சவ்வில் பரவியதும் ஒளிர்கிறது. இரண்டு சவ்வுகளின் வெளியடுக்குகள் மட்டும் ஒன்றாகி, உள்ளடுக்குகள் தனியே நிற்கும் அரை இணைவிலும் இதேதான் நடக்கும். அப்போது துளை இருக்காது, ஆர்என்ஏ வைரஸுக்குள்ளேயே கிடக்கும். 1994-இல், சவ்வுகளை இணைக்கும் வைரஸ் புரதமான ஹீமாக்ளுட்டினினின் சவ்வுக்குள் ஊடுருவும் பகுதியை வெட்டிவிட்டு, லிப்பிட் நங்கூரம் ஒன்றில் கட்டிப் பார்த்தார்கள். லிப்பிட் கலந்தது, செல்லின் உள்ளடக்கம் கலக்கவில்லை. ஆக, உன் சோதனையில் இன்னொரு சாயம் வேண்டும்: சவ்வு சூழ்ந்த பைக்குள்ளே நீரில் கரைந்திருப்பது. அதுவும் இடம் மாறினால்தான் துளை திறந்தது என்று அர்த்தம்.

அதற்கு முன் சில சில்லறை விஷயங்கள். சாயத்தை எத்தனாலில் கரைத்துத்தானே ஊற்றினாய்? கலவையில் எத்தனால் 1%-ஐத் தாண்டக் கூடாது. இருட்டில் ஒரு மணி நேரம் வைத்தபின், ஒட்டாத சாயத்தை செஃபடெக்ஸ் நிரலில் (அளவு பார்த்துப் பிரிக்கும் மணிகள் நிரப்பிய குழாய்) பிரித்தாயா என்று நீ எழுதவில்லை. பிரிக்காவிட்டால் அது நேரே இலக்குச் சவ்வில் போய் உட்கார்ந்துவிடும், இணைவே இல்லாமல் கோடு ஏறும். இதைப் பிடிக்க, பிஎச் 7.4-இலும் அதே நேரம், அதே 37 டிகிரியில் ஓட்டிப் பார். இன்னொன்று, எக்ஸ்-31 என்ற ஆய்வக ஃப்ளூ வகையை இலக்குச் சவ்வு இல்லாமல் பிஎச் 5-இல் கால் மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு சேர்த்துப் பார். அமிலத்தில் ஹீமாக்ளுட்டினின் விரியும் வாய்ப்பு ஒரே ஒரு தரம்தான். வீணாக விரிந்துவிட்டால் மறுபடி மடங்காது, கோடு தட்டையாகக் கிடக்க வேண்டும். பிஆர்8 என்ற இன்னொரு ஃப்ளூ வகை இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரன், அதை இதற்கு எடுக்காதே.

எம்டிசிகே செல்லில் (நாயின் சிறுநீரகச் செல் வகை) வளர்த்த வைரஸ் என்றால், புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதி சேர்த்தாயா என்றும் பார். ஹீமாக்ளுட்டினின் இரண்டாக வெட்டுப்படாவிட்டால் எவ்வளவு அமிலம் விட்டாலும் அசையாது. ஒளிர்வின் 100% அளவுக்கு, கடைசியில் ட்ரைடான் எக்ஸ்-100 என்ற சவ்வுகரைப்பான் விட்டு எல்லாவற்றையும் கரைத்துவிட்டு எடு.

இனி எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு சவ்வுகளை நெருக்குவது புரதம்தான், ஆனால் வளைய வேண்டியது லிப்பிட். அருகே வரும்போது லிப்பிட்களின் தலைகளைச் சுற்றியுள்ள நீரை விரட்ட வேண்டும், அதற்கே பெரும் ஆற்றல் போகிறது. பிறகு வெளியடுக்குகள் சேர்ந்து, இரண்டு சவ்வுகளையும் இணைக்கும் ஒரு தண்டு உருவாகும். லைசோஃபாஸ்ஃபாட்டிடைல்கோலின் என்ற லிப்பிட் பம்பரம் மாதிரி: தலை பெரிது, வால் ஒன்றே ஒன்று. இது வெளியடுக்கில் நிறைந்திருந்தால் தண்டுக்கு வேண்டிய வளைவு வராது, இணைவு அங்கேயே நின்றுவிடும். கழுவி எடுத்தால் தொடரும். ஒலியிக் அமிலம் இதற்கு நேர் எதிர், அது தண்டை ஊக்குவிக்கும்.

அரை இணைவில் சிக்கியிருக்கிறதா என்று தெரிய, பிஎச்சை நடுநிலைக்குத் திருப்பிவிட்டு 0.5 மில்லிமோலார் குளோர்ப்ரோமசின் (சவ்வில் புகும் ஒரு மருந்து) ஒரு நிமிடம் விடு. நடுவே மீதமிருக்கும் தடுப்பு உடைந்து உள்ளடக்கம் கலந்தால், உன் வைரஸ் பாதி வழியில் நின்றிருந்தது என்று பொருள். அளவை ஏற்றிவிடாதே, அது சவ்வையே ஓட்டையாக்கும்.

கொலஸ்ட்ராலை மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்தால் சவ்விலிருந்து உருவும் யோசனை இப்போதைக்கு வேண்டாம். சவ்வின் ஒழுங்கு, உயிருள்ள செல்லில் என்றால் எண்டோசோம் (செல் உள்ளிழுக்கும் பை) நகர்வு எல்லாம் சேர்ந்து குலையும், எது எதனால் என்று பிரிக்க முடியாமல் திண்டாடுவாய்.

நடுநிலை பிஎச் கோட்டை முதலில் எடுத்து அனுப்பு. மகள் பாடத்தையும் எழுது.

அன்புடன்,
சண்முகம்