உயிலில் இருந்து எடுத்துவிட்ட ஒரு பத்தி

அன்புள்ள கயல்,

அப்பா எழுதுகிறேன். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உயில் என்று வாயைத் திறந்தாலே "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதமாக இருந்தால் கடைசி வரை படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

போன ஜூனில் நாங்கள் இங்கிலாந்துக்கு, டான்காஸ்டர் வந்திருந்தபோது பிராட்ஸ்வொர்த் மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கும். வாசலில் பளிங்குச் சிலைகளும் தூண்களுமாக அரண்மனை மாதிரி இருந்தது. உள்ளே போனால் கம்பளம் நடுவில் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. சுவரில் ஒட்டியிருந்த பட்டு, வெயில் படும் பக்கம் மட்டும் சாயம் போயிருந்தது. "இவ்வளவு பெரிய வீட்டை ஏன் இப்படிப் போட்டுவைத்திருக்கிறார்கள்" என்று அம்மா கேட்டாள். 1990-இல் இங்கிலீஷ் ஹெரிடேஜ் என்ற பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் காப்பாற்றுகிறார்கள், புதுசாக்கவில்லை என்று நீ சொன்னாய். திரும்பும் வழியில் காரில், இந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு உயில் வழக்கு உண்டு என்றும் சொன்னாய். இரண்டே வரிதான். 42 வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவனுக்கு அந்த இரண்டு வரி போதுமா? ஊருக்கு வந்ததிலிருந்து தேடித் தேடிப் படித்துவிட்டேன்.

அந்த உயிலை எழுதிய பீட்டர் தெலுசன் பாரிசில் பிறந்தவர், ஜெனீவாக் குடும்பம். இளம் வயதில் லண்டனுக்கு வந்து வியாபாரத்திலும் வட்டித் தொழிலிலும் பெரும் பணக்காரர் ஆனார். கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களும் அடிமை வணிகமும் அந்தப் பணத்தில் கலந்திருந்தன. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசக் கூடாது. 1791-இல் பிராட்ஸ்வொர்த் எஸ்டேட்டை வாங்கி நிலப்பிரபு ஆனார். மனைவி, மூன்று மகன்கள், மகள்களும் உண்டு. 1796-இல் உயில் எழுதினார், அடுத்த வருடம் ஜூலையில் காலமானார்.

உயிலைப் பிரித்துப் படித்தபோது அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சுமார் 1 லட்சம் பவுண்டு. அது சின்னத் தொகை இல்லை. மீதி, ஏறத்தாழ 6 லட்சம் பவுண்டும் நிலங்களும், யார் கைக்கும் போகவில்லை. அறங்காவலர்களிடம் விட்டார். வருமானத்தை யாரும் தொடக் கூடாது, சேரச் சேர மேலும் நிலம் வாங்க வேண்டும், தன் மகன்களும் தான் சாகும்போது இருக்கிற பேரன்களும் ஒருவர் பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். அப்போது வயிற்றில் இருந்த குழந்தைகளையும் சேர்த்து 9 உயிர்கள். அந்த 9 பேரும் சொத்தைப் பார்த்துக்கொண்டே வாழலாம், அனுபவிக்க முடியாது. கடைசியில் மூன்று மகன்களின் வழியிலும் அன்றைக்கு இருக்கிற மூத்த ஆண் வாரிசுக்கு ஒவ்வொரு பங்கு. ஆண் வாரிசே இல்லையா, எல்லாம் நாட்டின் கடனை அடைக்கப் போகட்டும் என்றார். மகள் வழிக்குப் போவதைவிட அது மேல் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 சதவீத வட்டி என்றால் 14 வருடத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். 59 வருடத்தில் 6 லட்சம் 1 கோடியைத் தாண்டிவிடும். அன்றைக்குப் பலரும் இப்படிக் கணக்குப் போட்டுப் பயந்திருக்கிறார்கள், நாட்டையே விலைக்கு வாங்கும் அளவுக்கு ஒரு குடும்பத்தில் பணம் சேர்ந்துவிடும் என்று. குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. 1799-இல் லார்டு சான்சலர் என்ற உயர் நீதிபதி உயில் செல்லும் என்று தீர்ப்பளித்தார். 1805-இல், அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. செல்லாமல் எப்படிப் போகும்? உயிரோடு இருப்பவர்களின் ஆயுள் வரை சொத்தைக் கட்டிவைக்க சட்டம் இடம் கொடுத்தது. எழுதியவர் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், நல்ல கைவேலை அது. நானே அப்படி ஒன்றை எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அதுதான் என்னை உறுத்துகிறது.

உழைத்து நேர்மையாகச் சம்பாதித்த சொத்து, என் உயிலைப் பாராளுமன்றம் மாற்றாது என்று நம்புகிறேன் என்றும் தெலுசன் அதிலேயே எழுதியிருந்தார். பாராளுமன்றமும் அவர் உயிலை மாற்றவில்லை. ஆனால் இனி ஒருவரும் இப்படிச் செய்யக் கூடாது என்று 1800-இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். வக்கீல்கள் அதைத் தெலுசன் சட்டம் என்றே சொல்வார்களாம்.

அந்த 9 பேரில் கடைசிப் பேரன் 1856 பிப்ரவரியில் இறந்தார். தாத்தா போய் 59 வருடம். சரி, இப்போதாவது பிரித்தார்களா? மறுபடி கோர்ட்டு. 'மூத்த' என்று உயிலில் இருக்கிறதே, அது வயதில் மூத்தவரா, மூத்த வழியில் வந்தவரா என்று சண்டை. ஒரு சொல், கயல்! எழுதும்போது அரை வரி கூடுதலாக எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். 1859 ஜூனில் பிரபுக்கள் சபை, மூத்த வழி என்றுதான் பொருள் என்று முடிவு செய்தது. நடு மகனுக்கு ஆண் வழி இல்லாமல் போனதால் பங்கு இரண்டாகத்தான் பிரிந்தது. ஒன்று மூத்த மகன் வழியில் வந்த ரெண்டில்ஷாம் பிரபுவுக்கு, இன்னொன்று கடைசி மகன் வழியில் வந்த சார்லஸ் சபைன் தெலுசனுக்கு. கோடியாகப் பெருகியிருக்க வேண்டியது, வழக்குச் செலவிலும் சரியில்லாத நிர்வாகத்திலும் கரைந்து, கைக்கு வந்தபோது சுமாரான சொத்தாக இருந்தது.

சார்லஸ் சபைன் தன் பங்கில் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டியதுதான் நாம் பார்த்த மாளிகை. 1861-இல் ஆரம்பித்து 1863-இல் முடித்தார். அவருக்கு நான்கு மகன்கள். ஒருவர் பின் ஒருவராக நால்வருக்கும் எஸ்டேட் வந்தது, நால்வருக்கும் பிள்ளை இல்லை. 1931-இல் அது யாருக்குப் போனது தெரியுமா? அவர்களின் சகோதரி மகனுக்கு. ஆண் வழி, ஆண் வழி என்று கிழவர் கட்டிய கட்டு அத்தனையும் கழன்று, பெண் வயிற்றுப் பேரனிடம் போய் நின்றது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். வாய்க்கால் கரை நாலு ஏக்கருக்கு நான் ஒரு உயில் எழுதி பீரோவில் வைத்திருந்தேன், நீங்கள் யாரும் அறியாமல். நஞ்சையோ தென்னந்தோப்போ விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, வரும்படி முழுவதும் வங்கியில் சேர வேண்டும், பேரப்பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு 30 வயது ஆன பிறகு பிரித்துக்கொள்ள வேண்டும் என்று. அந்தக் கடைக்குட்டி, நம் நிதிக்கு இப்போது 2 வயது. நான் இன்றைக்கே போய்விட்டால் 28 வருடம்! அந்த நிலம் அம்மா நகையை விற்று வாங்கியது. பக்கத்துத் தோப்பை வெட்டிச் சாய்த்துவிட்டு மஞ்சள் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நம் தென்னைகள் கண்ணில் வரும். அந்தப் பயத்தில் எழுதியது.

நம் ஊர் வக்கீலிடம் காட்டினேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 117-ஆம் பிரிவைத் திறந்து வைத்தார். எழுதியவர் இறந்த நாளிலிருந்து 18 வருடத்துக்கு மேல் வரும்படியைச் சேர்த்துவைக்கச் சொன்னால், மேற்பட்ட காலத்துக்கு அது செல்லாது. "அப்போ 18 வருஷம்னு திருத்திடலாமா" என்று கேட்டார். நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் எழுதிக்கொடுத்த ஒரு உயிலே நினைவுக்கு வந்தது. அண்ணன் தம்பி இருவர், விற்கக் கூடாது என்று அவர்கள் அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இருபது வருடத்துக்கு மேல் வழக்கு. போன மாசம் அந்தப் பக்கம் போனேன். மோட்டார் கொட்டகையின் ஓடு சரிந்து, மோட்டார் துருப்பிடித்து, அதன் மேல் கோவைக்கொடி படர்ந்து கிடந்தது. தம்பி மகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தபோதுகூட ஒரு சென்ட் விற்க முடியவில்லை. அந்த உயிலில் என் முத்திரை இருக்கிறது.

அதனால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். நிலம் உனக்கும் அண்ணனுக்கும் சரிபாதி, நிபந்தனை எதுவும் இல்லை. வைத்துக்கொள்வீர்களோ விற்பீர்களோ, அது நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்வது. விற்றால் எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செத்த பிறகும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டம் இல்லை.

அப்புறம் இன்னொன்று. "நான் வெளிநாட்டில் இருக்கேன், எனக்கு எதுக்கு, அண்ணனுக்கே எழுதிடுங்க, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடறேன்" என்று பொங்கலுக்குச் சொன்னாய். நூற்றுக்கணக்கில் விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறேன், கயல். மனப்பூர்வமாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என்று நான் படித்துக் காட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு, கட்டைவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைப்பில் கறை போகவே போகாது. உன் பெயரில் அப்படி ஒரு பத்திரத்தை நான் எழுத மாட்டேன், வேறு யாரையும் எழுதவும் விட மாட்டேன். அண்ணனிடம் பேசிவிட்டேன். "சரிபாதிதானேப்பா, அதில் என்ன" என்றான். மாப்பிள்ளையிடம் நீயே சொல்.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை, இந்த இரண்டு எல்லையிலும் கல் புதைந்துவிட்டது. அண்ணனும் நீயும் நின்று சங்கிலி பிடியுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன். வந்த வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடலாம். அதற்கு முன் உன் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துப் பிசகாமல் அனுப்பு. இனிஷியல் என்னுடையதா, மாப்பிள்ளையுடையதா என்பதையும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா