வரைபடத்தில் உள்ள ‘வெரெ’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எத்தியோப்பியக் கட்டுரை, அந்நாட்டின் ஒரோமோ இனத்தில் வடக்கே வாழ்பவர்கள் ‘மொழியை மறந்து (அண்டை இனமான) அம்ஹாராக்களோடு கரைந்தவர்கள்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டது. வொல்லோ, யெஜ்ஜு, ராயா என்ற மூன்று வடக்கு ஒரோமோக் குழுக்களையும் ஒரே மூட்டையில் கட்டியதால் வந்த பிழை இது.

வொல்லோவில் கெமிசே, பாட்டி ஆகிய ஊர்களின் பக்கம் ஒரோமோ இன்றும் வீட்டிலும் பள்ளியிலும் புழங்கும் மொழி. அம்ஹாரா மாநிலத்துக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு சிறப்பு மண்டலம் உண்டு. 2007 கணக்கெடுப்பில் அந்த மண்டலத்தில் சுமார் 4.57 லட்சம் பேர். யெஜ்ஜுக்காரர்கள் கதை வேறு. கிறிஸ்தவர்களாகி, அம்ஹாரிக் பேசி, 1784 முதல், கோண்டாரைத் தலைநகராகக் கொண்ட எத்தியோப்பியப் பேரரசர்களைப் பொம்மைகளாக வைத்து ஆண்டார்கள். 1853-இல் ஐஷால் போரில் அவர்களின் கடைசி ஆட்சியாளர் இரண்டாம் ராஸ் அலி தோற்றதோடு அந்த ஆட்சி போயிற்று. அரண்மனை மொழியே பேசினாலும், எதிரிகளின் வாயில் அவர்கள் ஒரோமோக்களாகவே இருந்தார்கள்.

மொழி மங்கிய வொல்லோ மேட்டுநிலத்திலும் ஊர்ப்பெயர்கள் நிற்கின்றன. நீங்கள் அச்சிட்ட வரைபடத்திலேயே பாருங்கள்: வெரெ இலு, வெரெ பாபு. இந்த ‘வெரெ’ ஒரோமோவின் ‘வர்ரா’; இன்னார் வீட்டார் என்று பொருள். வெரெ இலு என்றால் இலு வீட்டார். அம்ஹாரிக்கை எழுதும் கீஸ் எழுத்தில் மெய் இரட்டிப்பதைக் காட்ட வழியில்லை. அதனால் ‘ர்ர’ வெறும் ‘ர’ ஆகி, பெயரின் பொருளும் மறைந்துவிட்டது. ஒரோமோவின் ஐந்து குறில், ஐந்து நெடிலுக்கும் அதில் தனித்தனி இடமில்லை. ‘லஃப’ நிலம், ‘லாஃபா’ மென்மையானது. குறில் நெடில் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1991-இல் ஒரோமோவுக்கு லத்தீன் எழுத்தை ஏற்று, நெடிலுக்கும் இரட்டிப்புக்கும் எழுத்தை இரண்டு முறை எழுதியது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

ராயாவைத்தான் எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. திக்ராய் மாநில மொழியான திக்ரிஞ்ஞா, அம்ஹாரிக் இரண்டும் பேசுவார்கள். சில இடங்களில் ஒரோமோவும் உண்டு. 1990-களில் மொழியை வைத்து மாநில எல்லை போட்டபோது ராயா ஊர்களில் கோபோ அம்ஹாராவுக்கும், அலமாட்டா திக்ராய்க்கும் போயின. அந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை.

கடைசியாக, ராயாவை அடுத்து வாழும் அஸெபோ ஒரோமோக்களைப் பற்றிய படக்குறிப்பில் ‘அஸெபோ காலா’ என்று உள்ளது. பழைய ஐரோப்பிய வரைபடங்களிலும் காணப்படும் சொல் ‘காலா’. ஒரோமோக்களுக்கு அது வசைச்சொல். ‘அஸெபோ ஒரோமோ’ என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்