மச்சானுக்கு, ஓயில் லைற் பற்றி

அன்பின் மச்சான்,

நான் நலம். வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் அனைவரின் நலமறிய அவா. இங்கே கிளிநொச்சியில் மத்தியானத்தில் முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். சிறுபோக வெட்டு முடிந்து, நெல்லைக் காயவிட்டு மூட்டை கட்டியாயிற்று. மூத்தவளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, ராத்திரி பதினொரு மணிவரை மேசையில்தான். மற்றப் புதினங்களை நேரில் சொல்கிறேன். உன் கார் விஷயம்தான் கடிதம் வந்ததிலிருந்து மனதில் கிடக்கிறது.

ஓமந்தை தாண்டி மாங்குளம் வரை ஒரு பிரச்சினையும் இல்லை, சந்தியில் நிறுத்தியதும் சிவப்பு ஓயில் லைற் மினுங்கியது, அக்சிலரேற்றரை மிதித்ததும் அணைந்தது, அப்படியே வவுனியா வரை திரும்பி ஓடிவந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இனி அப்படிச் செய்யாதே மச்சான். அந்த லைற் பார்ப்பது ஓயிலின் மட்டத்தை அல்ல, பிரஷரை. எஞ்சினில் இருக்கிற சுவிச், பிரஷர் 4, 5 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கிற அலகு) அளவுக்கு விழுந்த பிறகுதான் லைற்றை எரிய வைக்கும். அதாவது அது எரியும்போது பிரஷர் கிட்டத்தட்ட இல்லை. அந்த நிலையில் எஞ்சினுக்குள் சுழல்கிற கிராங் தண்டும் அதைத் தாங்குகிற பெயரிங்கும் உரசத் தொடங்கினால் சில நிமிடத்தில் எஞ்சின் முடிந்துவிடும். லைற்றைக் கண்டால் ஓரம் கட்டி, சாவியை நிறுத்து. வீடு கிட்டத்தானே என்று நினைக்காதே.

எனக்கும் இதே கூத்து நடந்தது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வழி. பரந்தனில் திரும்பி, விசுவமடு தாண்டுகிறபோது முன்னால் வாகன நெரிசல். மெதுவாக ஊர்ந்தேன், லைற் எரிந்தது. ஒரு மர நிழலில் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து, ஓயில் கீழே இறங்கிய பிறகு, ஓயில் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்துத் துவாயால் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. கீழே ஒழுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் போன கராஜில், எஞ்சினைக் கழற்ற வேண்டும், பெயரிங் போய்விட்டது என்று அடித்துச் சொன்னார்கள். பிரஷரை அளக்கிற கேஜ் ஒன்று கூடப் போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் உழவு இயந்திரம் திருத்துகிற அண்ணை ஒருவர் வந்து, பில்டருக்குக் கிட்ட இருந்த அந்த சுவிச்சின் வயர் கவ்வியைக் கழற்றினார். கழற்றியதும் அவருடைய விரலில் ஓயில். கவ்விக்கு உள்ளே, ஓயில் போகவே கூடாத இடத்தில், கறுப்பாகத் தேங்கி நின்றது. சுவிச் நடுவால் கசிகிறது. நான் சந்தோஷப்பட்டேன், அவர் படவில்லை. "சுவிச் பழுது எண்டால் பிரஷர் நல்லம் எண்டு அர்த்தம் இல்லை தம்பி" என்றார். சுவிச்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜைப் பூட்டி, முதல் சில நொடியிலேயே முள் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் எஞ்சினை ஓடவிட்டார். நன்றாகச் சூடேறிய பிறகு சும்மா ஓடும்போது முள் 12இல் நின்றது. நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு ஏற்றியபோது 45. அதற்குப் பிறகுதான் புது சுவிச் வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினார்.

உன்னுடையதும் கொரோலா 110தானே. சூடான எஞ்சினில், சும்மா ஓடும்போது 4.3 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது, 3000 சுற்றில் 36க்கும் 71க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு அண்ணையின் பழைய திருத்தக் கையேட்டிலேயே இருந்தது.

உனக்குத் தடித்த ஓயில் ஊற்றச் சொன்னார்களாமே. அது காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் பனடோல் போடுகிற மாதிரி. லைற் அணையலாம், ஆனால் பம்ப் தேய்ந்ததா, எஞ்சினின் அடியில் ஓயில் நிற்கிற சம்ப்பில் இருக்கிற வடிகட்டும் வலை அடைத்ததா, பெயரிங் இடைவெளி கூடியதா என்று ஒன்றும் தெரியாது. நீ வாங்கியது கை மாறி வந்த கார், முன்னால் வைத்திருந்தவர் ஓயில் எப்போது மாற்றினாரோ. ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பார். களி மாதிரி அப்பியிருந்தால் முதலில் அந்த வலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கம்பியை மணந்தும் பார். அப்பாவின் ஒஸ்டின் ஏ40 ஞாபகம் இருக்கிறதா? 90களில் போர்க்காலப் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரத்தால் வழிந்து சம்ப்பில் சேரும், ஓயில் தண்ணீர் மாதிரி இளகிவிடும், கம்பியில் மட்டம் குறையாமல் ஏறும். அப்பா காலையில் தேத்தண்ணிக்கு முன்னமே கம்பியை இழுத்து மூக்குக்குக் கிட்டப் பிடிப்பார், ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுவார். வழுக்கல் போதாது என்றால் அன்றைக்குக் கார் வெளியே வராது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்து பெற்றோல் வந்தபோது அவர் முதல் செய்த வேலை, பழைய ஓயிலை முழுதாக இறக்கியதுதான். இப்போதும் பிளக் சரியாகப் பற்றாமல் ஓடுகிற எஞ்சினில் பெற்றோல் அப்படித்தான் ஓயிலில் கலக்கும்.

அண்ணையிடம் கேஜைக் கேட்டு வாங்கிவிட்டேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை கார் முற்றத்தில் நிற்கட்டும், கடைக்கும் எடுக்காதே. பில்டரும் ஓயிலும் நான் வந்து பார்த்த பிறகு வாங்குவோம். மாமிக்கு என் அன்பைச் சொல், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒடியல் கூழ் என்றால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உன் மச்சான்